மிஞ்சுகிற காசை எங்கே வைப்பது: கூட்டா, நகையா, பேங்கா, இபிஎஃப்பா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், ஹீவுட், டவன்பி என்று எந்தத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பமாக இருந்தாலும், வீட்டுப் பெரியவர் ஒருவருக்காவது இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கு இருந்திருக்கும். ரப்பர் பால்வெட்டுச் சம்பளம் சொற்பம்தான். அந்தச் சொற்பத்திலும் பிடிக்கவேண்டியதைப் பிடித்துவிட்டுத்தான் கிராணி (தோட்டத்து குமாஸ்தா) மிச்சத்தைக் கொடுப்பார். நிர்வாகமும் தன் பங்கைக் கட்டும். வாங்கியவர் முணுமுணுத்திருப்பார். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் அந்தப் பணம்தான் பலருக்குத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு முன்பணமாகவும் மகள் கல்யாணச் செலவாகவும் ஆனது.

இன்று அதே வீட்டுப் பிள்ளை வயரிங் செய்கிறார், ஏர்கோன் கழுவுகிறார், கிரில் அடிக்கிறார், டைல்ஸ் ஒட்டுகிறார். அப்பாவைவிடக் கையில் அதிகம் புழங்குகிறது, ஆனால் பிடித்தம் செய்யத்தான் ஆளில்லை. மாதக் கடைசியில் 200, 300 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சினால் கூட்டில், அதாவது பலர் சேர்ந்து போடும் சீட்டில், போடலாம், நகை எடுக்கலாம், பேங்கில் விடலாம், தானே இபிஎஃப் கட்டலாம். எது நல்லது என்று கேட்டால் எல்லாரும் வட்டியைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பார்கள். நான் வட்டியை இரண்டாவதாக வைக்கிறேன். கைத்தொழில்காரருக்கு வரவு ஒரே சீராக வருவதில்லை. ஆகவே முதலில் பார்க்கவேண்டியது, காசு வராத மாதத்தில் அந்த ஏற்பாடு நம்மை என்ன செய்யும் என்பது.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

உண்மையில் மிஞ்சுவது எவ்வளவு?

ஒரு வயரிங்காரருக்கு ஒரு மாதத்தில் 6,000 வெள்ளி வசூல் என்று வைத்துக்கொள்வோம். வயர், சுவிட்ச், பைப் என்று சாமான் 2,600. உதவிக்கு வரும் பையனுக்கு 900. பெட்ரோலும் டோலும் 350. டிரில் பிட், பிளேடு, வேன் பழுது என்று 250. மிச்சம் 1,900.

2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளத்துக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி, இபிஎஃப்பில் கட்டவேண்டும். ஆக, ஃபேக்டரியில் அடிமட்டச் சம்பளத்தில் நிற்பவருக்குக் கணக்கு 1,921. சொந்த வேன், சொந்த டிரில், கூரைமேல் வெயில் எல்லாம் சேர்ந்து நம் ஆளுக்கு 1,900. "மாசம் ஆறாயிரம் பார்க்கிறேன்" என்று அவர் கல்யாண வீட்டில் சொன்னால் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. சாமான் காசையும் தன் காசையும் ஒரே பையில் போட்டு எண்ணுகிறார், அவ்வளவுதான்.

அதனால் எதில் சேமிப்பது என்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரே வேலை, தொழிலுக்கென்று தனி பேங்க் கணக்கு. வீட்டுக்காரர் கொடுக்கும் முன்பணம் அதில் விழட்டும். சாமான் வாங்கி வேலை முடியும்வரை அது நம் காசு இல்லை. எஸ்எஸ்எம் என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. பிற்பாடு வேன் கடனோ வீட்டுக் கடனோ கேட்டால் பேங்க் பார்ப்பது இந்தப் பதிவையும் கணக்கு அறிக்கையையும்தான். வருமான வரிக்கு வணிக வருமானக்காரர்கள் நிரப்பும் பி பாரத்துக்கு ஜூன் 30 கெடு. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருக்கவேண்டும். பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தாலும் சரி, வைத்திருங்கள்.

அப்புறம், நம் ஊரில் இந்த 1,900-ம் எல்லா மாதமும் வராது. தீபாவளிக்கு முன்னால் பெயிண்ட் அடிப்பவர் போனையே எடுக்கமாட்டார். சீனப் புத்தாண்டுக்கும் ஹரி ராயாவுக்கும் முன்னால் அப்படித்தான். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டால் வெளிச்சுவர் வேலை நின்றுவிடும். சம்பளக்காரர் வீட்டு வேலைக்கு மாதக் கடைசியில் காசு வந்துவிடும். பெரிய கண்டிராக்டருக்குக் கீழே எடுத்த வேலைக்கு "அடுத்த வாரம் தம்பி" என்ற பதில்தான் வாரக்கணக்கில் வரும்.

கூட்டும் நகையும்

கூட்டு எப்படி நடக்கிறது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பத்துப் பேர், ஆளுக்கு 200, மாதம் 2,000. நடத்துபவர் முதல் மாதத்தை எடுத்துக்கொள்வார்; பிறகு குலுக்கல் அல்லது ஏலம். இதன் நல்லதை மறுக்க முடியாது. பாரம் நிரப்பவேண்டாம், சம்பளச் சீட்டு காட்டவேண்டாம், மொத்தமாகக் கை நிறைய வரும். அக்கம்பக்கத்துக்குப் பயந்தாவது கட்டிவிடுவோம் என்பதால் சேமிப்பு நடக்கிறது. பேங்க் வாசலை மிதிக்காத எத்தனையோ லயத்து அம்மாக்கள் தையல் மெஷினும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் இதிலிருந்துதான் பார்த்தார்கள்.

ஆனால் கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசியாவில் தடை செய்யப்பட்டது. நடத்தியவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் போலீசில் புகார் கொடுக்கலாம். பணம் திரும்பி வருவது வேறு கதை.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் எனக்கு உறுத்துவது தவணை. வரவு ஏறி இறங்குகிறது. கூட்டோ மாதா மாதம் ஒரே தேதியில் அதே 200-ஐக் கேட்கிறது. மழை மாதத்தில் பேங்குக் கணக்கில் எதுவும் போடாவிட்டால் பேங்க் பேசாமல் இருக்கும். கூட்டு அக்கா வாசலில் வந்து நிற்பார். மானத்துக்கு அஞ்சி, கூட்டுக் கட்ட ஆலோங்கிடம் (உரிமமில்லாத வட்டிக்காரர்) போனவர்களும் இருக்கிறார்கள். சேமிப்பதற்காகக் கடன் வாங்குவது என்பது இதுதான்.

ஏலக் கூட்டில் இன்னொன்று. 2,000 கூட்டை இரண்டாவது மாதமே அவசரத்துக்கு 1,700-க்கு எடுக்கிறீர்கள். நீங்கள் அதுவரை கட்டிய 400-ஐக் கழித்தால் உண்மையில் கையில் வந்த கடன் 1,300. இனி எட்டு மாதத்தில் கட்டப்போவது 1,600. மற்றவர்கள் ஏலம் எடுக்கும்போது தள்ளுபடியில் கொஞ்சம் நமக்கும் திரும்பும்தான். அப்படியும் இது ஆண்டுக்கு 18 விழுக்காட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும். உரிமம் உள்ள வட்டிக்கடை அடமானமில்லாத கடனுக்கு வாங்கக்கூடிய உச்சவரம்பே அந்த 18-தான். கடைசியாக எடுப்பவருக்குத்தான் கூட்டு சேமிப்பு. முதலில் எடுப்பவருக்கு அது விலை கூடிய கடன். பல கைத்தொழில்காரர்கள் முதலில் எடுக்கும் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

நகைக்கு இந்தத் தொல்லை இல்லை. நல்ல மாதத்தில் வாங்கலாம், மோசமான மாதத்தில் கடைப்பக்கமே போகாமல் இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் நகையைச் சேமிப்பாகவே எண்ணக்கூடாது என்று கறாராகச் சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். அவசரத்துக்கு அன்றைக்கே அடகு வைத்துப் பணம் பார்க்கலாம். கணவன் கையில் காசு நிற்காத வீடுகளில் மனைவியின் கழுத்தில் இருப்பது மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்பதும் நமக்குத் தெரிந்ததே.

குறைகள் உண்டு. 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அதைப் பார்த்துவிட்டு இனி ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு: 2011-இல் 1,900 டாலரைத் தொட்ட தங்கம் 2015 கடைசியில் 1,060 பக்கம் கிடந்தது. செய்கூலியாகக் கொடுத்தது விற்கும்போது திரும்பாது. வேலைப்பாடு அதிகமுள்ள ஆரத்தைவிடச் சாதா வளையல் இந்த விஷயத்தில் மேல். அடகுக்கடையில் சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை வட்டி. 1,000 வெள்ளிக்கு ஆறு மாதத்தில் 120. அடகுத் துண்டுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். தவறவிட்டால் நகை போகும். அர்-ராஹ்னு எனும் இஸ்லாமிய முறை அடகுக் கடைகளில் முஸ்லிம் அல்லாதவரும் அடகு வைக்கலாம். அங்கே காப்புக் கூலி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பேங்க், அமானா சஹாம், கோப்பரேட்டிவ்

பேங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஃபிக்ஸட் டெபாசிட்டில் இரண்டரை விழுக்காடு சொச்சம் கிடைத்தால் சரி. அதன் பலம் வட்டி அல்ல, எடுக்க முடிவது. ஒரு பேங்கில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பிடிம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்புறுதி இருக்கிறது, அது நம் ஆட்களுக்குத் தாராளம். வேலை இல்லாத ஒரு மாதத்தை ஓட்டும் அளவுக்கு இங்கே இருக்கட்டும். அதற்கு மேல் இங்கேயே குவித்து வைத்தால் நல்ல மாதத்தில் நம் கையே அதைத் துழாவும்.

அமானா சஹாம் என்ற யூனிட் டிரஸ்ட் திட்டங்களில், விலை மாறாத வகையில் இந்தியர்கள் வாங்கக்கூடியது அமானா சஹாம் மலேசியா வகைகள். யூனிட் விலை எப்போதும் 1 வெள்ளி, நினைத்த நேரத்தில் திரும்ப விற்கலாம். பேங்கைவிட லாபப் பங்கு கூடுதலாகவே வந்திருக்கிறது. ஒரே சிக்கல், பூமிபுத்ரா அல்லாதவர்களுக்கான ஒதுக்கீடு தீர்ந்துபோய்ப் பலமுறை யூனிட் கிடைக்காது. கிடைத்தால் வாங்குங்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கோப்பரேட்டிவ் என்றாலே இந்த ஊரில் ஒரு பாசம் உண்டு. இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுக்காரர்கள் பங்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்கினார்கள். அந்தப் பெருமை வேறு, புதிதாகத் தெருவில் யாராவது "கோப்பரேட்டிவ்ல போடுங்க, 10 பர்சென்ட்" என்று சொல்வது வேறு. கூட்டுறவில் போடும் பணத்துக்குப் பிடிம் காப்புறுதி கிடையாது.

தானே கட்டும் இபிஎஃப்

சொந்தத் தொழில் செய்பவர் தானே இபிஎஃப் கட்டலாம் என்பது பலருக்குத் தெரியும். ஐ-சாரான் என்ற திட்டத்தில் பதிந்துகொண்டு கட்டினால் அரசாங்கமும் சேர்த்துப் போடும் என்பதுதான் பாதிப் பேருக்குத் தெரியாது. 2025 முதல் நாம் கட்டுவதில் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 5,000 வரை, அறுபது வயதுக்குள் இருப்பவர்களுக்கு. அதாவது ஓராண்டில் 2,500 கட்டினால் 500 சேரும். பதியாமல் சும்மா கட்டினால் லாப ஈவு மட்டும்தான், இந்த 500 வராது. கட்டுவதற்கு முன் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

2,500-ஐ ஃபிக்ஸட் டெபாசிட்டில் இரண்டரை விழுக்காட்டுக்குப் போட்டால் வருடக் கடைசியில் 62 வெள்ளி 50 சென். இபிஎஃப் 2024-க்குக் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 2023-இல் வழக்கமான கணக்குக்கு 5.50. அந்த 500-ஐயும் சேர்த்துப் பார்த்தால் இந்த முதல் 2,500-க்குப் பக்கத்தில் வேறெதுவும் நிற்க முடியாது. வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது விழுக்காடு இல்லை. மாதத் தவணை என்று ஒன்று கிடையாது என்பதுதான். மார்ச்சில் ஏர்கோன் சீசனில் 1,000 போடலாம், அக்டோபரில் தீபாவளி வேலையில் மிச்சம் 1,500-ஐக் கட்டலாம், நவம்பரிலும் டிசம்பரிலும் ஒரு சென்கூடப் போடாமல் இருக்கலாம். வருடத்துக்குள் கட்டியது எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். சீசன் பார்த்துச் சம்பாதிப்பவருக்காகவே தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. மாதம் 200 என்று பேங்கில் தானியங்கிக் கழிவு போடச் சொல்லும் அறிவுரை சம்பளக்காரர்களுக்கு நல்லது. நமக்கு, பெரிய வேலை ஒன்றுக்குக் காசு வந்த அன்றே பத்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுவது பொருந்தும்.

பூட்டிவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. 2024 மே மாதம் முதல் கட்டும் பணம் மூன்றாகப் பிரிகிறது: 75 விழுக்காடு ஓய்வுக் கணக்கு, 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கு, 10 விழுக்காடு ஃபிளெக்சிபல் கணக்கு. 2,500 கட்டினால் 250-ஐ எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், 375 வீடு, படிப்பு, வைத்தியம் போன்றவற்றுக்கு, 1,875 ஐம்பத்தைந்து வயதுவரை கிடக்கும். ஆகவே அவசரப் பணத்தை இங்கே போடாதீர்கள். அவசரத்துக்குப் பேங்க், கிழக்காலத்துக்கு இது. பூட்டுவது பலருக்குக் குறை. நல்ல மாதத்தில் புது போனும் ஸ்போர்ட்ஸ் ரிம்மும் வாங்கும் தம்பிகளுக்கு அதுவே மருந்து.

ஒரு சின்ன வேலை மறக்கவேண்டாம்: வாரிசு பெயர் கொடுப்பது. கல்யாணத்துக்கு முன் ஃபேக்டரியில் வேலை செய்த காலத்துக் கணக்கு என்றால் அதில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கடைசியில் சொன்னாலும் முதலில் கட்டவேண்டியது

இதுவரை சொன்னதெல்லாம் மிஞ்சுவதை வைக்கும் இடம். ஏணியிலிருந்து விழுந்தால் மிஞ்சுவதே இருக்காது. அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி என்பதால் வைத்தியச் செலவை நம் ஆட்கள் பெரிதாக நினைப்பதில்லை. போவது வைத்தியச் செலவு இல்லை. கையில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு மாத வருமானம்.

சொந்தத் தொழில்காரர்களுக்கான சொக்சோ (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) திட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. முதலில் டாக்சிக்காரர்களுக்கு, பிறகு மற்றத் தொழில்களுக்கும் விரிந்தது. நான்கு வகை: ஆண்டுக்கு 157.20, 232.80, 442.80, 592.80 வெள்ளி. இரண்டாவது வகையை எடுத்தால் மாத வருமானம் 1,550 என்று கணக்கு வைத்து, வேலையில் அடிபட்டு மருத்துவ விடுப்பில் இருக்கும் நாளுக்கு 41 வெள்ளி 33 சென் கிடைக்கும். நான்காவதில் 105 வெள்ளி 33 சென். நிரந்தரமாக உடல் முடங்கினாலும், இறந்தால் குடும்பத்துக்கும் உதவித்தொகை உண்டு. கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்றுக்கொண்ட ஆண்டுகளும் உண்டு, அதனால் முழுத்தொகையைக் கட்டுவதற்கு முன் ஈப்போவில் சொக்சோ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இது வேலையில் வரும் அடிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போகும்போது மோட்டார் சறுக்கினால் இதைக் காட்ட முடியாது. இருந்தாலும் கட்டுவது வருடத்துக்கு ஒருமுறை, நல்ல மாதம் பார்த்து. தவணை விஷயத்தில் இதுவும் நம் பக்கம்தான்.

இதற்கு நேர் எதிர், ஏஜெண்ட் வீட்டுக்கே வந்து விற்கும் இருபது வருடச் சேமிப்பு இன்சூரன்ஸ். மாதம் 250 கட்டி மூன்றாம் வருடம் முடியாமல் விட்டால் திரும்ப வருவது கட்டியதைவிட வெகு குறைவு. புது வேன் தவணையும் அதே ஜாதி: இரண்டு மாதம் தொடர்ந்து தவறினால் நோட்டீஸ் அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்ளும் வழி வாடகைக் கொள்முதல் சட்டத்தில் இருக்கிறது. வண்டி போனால் வேலையும் போச்சு. பழைய வேனைக் கையில் உள்ள காசுக்கு வாங்கிப் பழுது பார்த்து ஓட்டுவதில் வெட்கமில்லை.

என் வரிசை இது: சொக்சோ, பிறகு பேங்கில் ஒரு மாதச் செலவு, பிறகு ஐ-சாரானில் ஆண்டுக்கு 2,500 வரை. அதற்கு மேல் மிஞ்சினால் நகையோ அமானா சஹாமோ உங்கள் விருப்பம். கூட்டில் இருப்பவர்கள் பாதியில் ஓடவேண்டாம், அது மற்ற ஒன்பது பேருக்குத் துரோகம். கட்டி முடித்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் பெயர் கொடுக்காமல் விடலாம். ஆலோங் கடன் ஏற்கனவே இருந்தால் இந்த வரிசையே தலைகீழ்; முதல் வெள்ளியிலிருந்து அங்கேதான் போகவேண்டும், நகையை விற்றாவது.

வயதைப் பொறுத்தும் கொஞ்சம் மாறும். இருபத்தைந்து வயது ஏர்கோன் தம்பிக்கு இபிஎஃப் முப்பது வருடப் பூட்டு. அவர் முதலில் கருவிகளுக்கும் வயர்மேன் சான்றிதழுக்கும் செலவழித்துவிட்டு 500, 1,000 என்று கட்ட ஆரம்பித்தால் போதும். ஐம்பத்திரண்டு வயது டைல்ஸ் அண்ணன்தான் "இனிமேல் எனக்கு எதுக்கு" என்று ஒதுங்குகிறார். உண்மையில் இந்தத் திட்டத்தில் அதிகம் பயன் அடையக்கூடியவர் அவர்தான். இப்போது கட்டுவதை மூன்றே வருடத்தில், ஐம்பத்தைந்தில், முழுதாக எடுக்கலாம். அதற்குப் பிறகு கட்டுவது தனியாக ஏமாஸ் கணக்கில் போய் அறுபதில் கைக்கு வரும். அறுபது வரைக்கும் வருடா வருடம் அந்த 500 உண்டு. முழங்கால் அதற்குமேல் டைல்ஸ் ஒட்ட விடாது என்பது அவருக்கே தெரியும்.